அந்தி வானத்திடம் நிறம் கேட்போம்



பனையோலையில் பெட்டி, பை, பாய் இழைக்கும் எமது பெண்களின் கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சில பொருட்கள் விற்பனை மேசையிலேயே தங்கிவிடுகின்றன. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கையிலிருக்கும் சாயமெல்லாம் ஒரே பையில் சேர்ந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆகவே இம்மாதம் நிறங்களைப் பற்றிக் கதைப்போம்.

நிறம் தெரிவு செய்யப் பெரிய படிப்புத் தேவையில்லை. புத்தளம் நகரிலிருந்து பார்த்தால் சூரியன் களப்பின் பக்கமாக இறங்குகிறது. கற்பிட்டியின் மேற்குக் கரையில் நின்றால் கடலில் இறங்குகிறது. மாலையில் சூரிய ஒளி சாய்வாக வருவதால் வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடக்க வேண்டியுள்ளது. வழியிலேயே நீலம் சிதறிப் போக, மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் எம்மை வந்தடைகின்றன.

வானம் அந்த நிறங்களை எப்படிப் பங்கிடுகிறது என்று கவனியுங்கள். மிகப் பிரகாசமான மஞ்சள் சூரியனை ஒட்டிச் சிறிதளவே இருக்கும். அதைச் சுற்றிச் செம்மஞ்சள், பிறகு சிவப்பு. மேலே போகப் போக மங்கிய ஊதா. கீழே சாம்பல் நீலமாகத் தண்ணீர். அந்தக் குளிர்ந்த நீலம் பக்கத்தில் இருப்பதாலேயே சிவப்பு எரிவது போலத் தெரிகிறது.

இதையே பையில் செய்யலாம். பெரும்பகுதியைச் சாயமிடாத ஓலையின் வெளிர் நிறத்திலேயே விடுங்கள். செம்மஞ்சளில் இரண்டு பட்டை, சிவப்பில் ஒன்று, விளிம்பில் கருநீலத்தில் ஒரே ஒரு கோடு. அவ்வளவு போதும்.

செலவும் குறையும். கொதிக்கும் சாயத் தண்ணீரில் முதலில் போடும் ஓலை கடும் சிவப்பாகும். அதே தண்ணீரில் அடுத்து போடுவது சற்று வெளிறும், மூன்றாவது இன்னும் வெளிறும். ஒரு பைக்கற்றில் மூன்று சிவப்புக் கிடைக்கும். சாயமிட்ட ஓலையை நிழலில் உலர்த்துங்கள். சமையல் மஞ்சளில் தோய்த்தது வெயிலில் விரைவில் மங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுற்றுப்புறத்தைப் பார்த்து நிறம் எடுப்பது எமது நாட்டுக்குப் புதிதல்ல. நல்லாயன் கன்னியரின் நிலையங்களில் நெசவு செய்த பெண்களுக்காக வடிவமைக்கத் தொடங்கியவர் பார்பரா சன்சோனி (1928–2022). இலங்கையின் இயற்கையில் கண்ட நிறங்களைத் துணியில் கொண்டுவந்தார். அவருடைய ‘பெயார்ஃபுட்’ கைத்தறித் துணிகள் அந்த நிறங்களாலேயே வெளிநாடுகளிலும் அறியப்பட்டன.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்த சகோதரிகளுக்கு இன்னுமொரு செய்தி. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் மணல் நிலத்தில் வளரும் சாயவேர் ஒரு காலத்தில் துணிகளுக்குச் சிவப்புத் தந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் அது அரசுக்கு வருமானம் தரும் பொருளாயிருந்தது. 1869க்குப் பின் தொழிற்சாலைச் சாயங்கள் பெருகியதும் அதன் மதிப்புக் குறைந்தது. நீங்கள் விட்டுவந்த மண்ணிலும் இந்தச் சிவப்பு இருந்தது.

கணவனை இழந்த ஒரு சகோதரி சிவப்பு ஓலையைத் தொடத் தயங்கினார். “நான் உடுக்காத நிறத்தை என் கையால் இழைக்கலாமா, தங்கச்சி?” என்று கேட்டார். இழைக்கலாம் அக்கா, விரும்பினால் உடுக்கவும் செய்யலாம் என்றேன். இழப்பு உங்களுடையது, அதை எந்த நிறத்தில் சுமப்பது என்பதை ஊர் தீர்மானிக்க வேண்டியதில்லை. அவர் இன்னும் வெளிர் நிறச் சேலைதான் உடுத்துகிறார். அது அவருடைய தெரிவு. அவருடைய பெட்டிகளிலோ இப்போது சிவப்புக் கரை இருக்கிறது.

இந்த வாரம் மூன்று மாலைகள் வேலையை ஒதுக்கிவிட்டு மேற்கே பாருங்கள். கண்ட நிறங்களுக்கு ஏற்ற ஓலைத் துண்டுகளை ஒரு நூலில் கோர்த்து வையுங்கள். அடுத்த பையை அதைப் பார்த்துத் தொடங்குங்கள்.