துரை மீனும் நம்ம பீலியும்

எட்டாம் வகுப்புக்கு நீரோடைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம்ம ஆத்துல என்ன மீன் இருக்கு என்று கேட்டேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பி, "முந்தி துரை மீன் இருந்துச்சாம் டீச்சர், எங்க தாத்தா சொல்வாரு" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் பையன் சொன்னது பொய்யில்லை. ட்ரவுட் மீனைத்தான் அவன் தாத்தா அப்படிச் சொல்லியிருக்கிறார்.

ட்ரவுட் நம் நாட்டு மீனல்ல. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவுக்கும் வானவில் ட்ரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் உரியவை. 1880களில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் அதன் முட்டைகளைக் கப்பலில் வரவழைத்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். 1896இல் அதற்கென்றே 'சிலோன் பிஷிங் கிளப்' என்று ஒரு சங்கமும் அமைத்தார்கள். வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே இனம்பெருக்கி நிலைத்துவிட்டது.

எல்லாம் பொழுதுபோக்குக்குத்தான். இறகையும் நூலையும் தூண்டிலில் கட்டி, பூச்சி போல ஆட்டி மீனை ஏமாற்றும் விளையாட்டு. சாப்பாட்டுக்காக யாரும் அந்தச் சிரமம் படவில்லை.

அந்த 1880கள் எப்படிப்பட்ட காலம்? 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்ட காலம். உழைத்த கூலி கைக்கு வராமல் நம் ஆட்கள் நின்ற காலம். ட்ரவுட் முட்டை கொஞ்சம் சூடு பட்டாலே செத்துவிடும். குளிர் குறையாமல் பொத்திப் பொத்தித்தான் கொண்டுவர வேண்டும். நம் பாட்டன் பூட்டன்களோ மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்து வந்தவர்கள். வழியில் கொலராவில் செத்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று சிலர் கேட்பார்கள். இன்றைய தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் கிளறுகிறேன்.

ட்ரவுட் வாழ எப்படிப்பட்ட தண்ணீர் வேண்டும் தெரியுமா? 20 பாகை செல்சியஸைத் தாண்டாத குளிர்ச்சி வேண்டும். ஒட்சிசன் நிறைய இருக்க வேண்டும். கரையில் நிழல் வேண்டும். முட்டையிட அடியில் சுத்தமான சரளைக்கல் வேண்டும். மண் அரித்துச் சேறு படிந்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். அதனால்தான் உலகம் முழுக்க ட்ரவுட் இருக்கும் ஆற்றைச் சுத்தமான ஆறு என்று கணிக்கிறார்கள்.

இப்போது நம் லயத்துக்கு வாங்க. மேல்மலை ஓடையில் ஒரு தடுப்பு, அங்கிருந்து ஒரு கறுப்புக் குழாய், நேரே பீலி. இடையில் வடிகட்டியும் இல்லை, குளோரினும் இல்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் களைக்கொல்லி டேங்கியை அதே ஓடையில்தான் கழுவினார்கள். நிர்வாகத்திடம் சொன்னோம், கடிதமும் கொடுத்தோம். பதில் வரவில்லை. மழை பெய்த மறுநாள் பீலித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வரும். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் வயிற்றுப்போக்கு என்று நாலைந்து பிள்ளைகள் வரமாட்டார்கள். ட்ரவுட் முட்டை பிழைக்காத தண்ணீரை நம் கைப்பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

முழுப்பழியையும் நிர்வாகத்தின் மேல் போட எனக்கு மனமில்லை. ஆற்றோரத்தில் மரக்கறி போட்டு, கரையை வெட்டி, உரமும் மருந்தும் அள்ளிக் கொட்டுகிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். மலசலகூடக் குழாயை ஓடைக்குத் திருப்பிவிட்ட லயங்களும் உண்டு. கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

இப்போது பழைய துரை பங்களாக்கள் பல சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. ட்ரவுட் பிடிக்கும் ஆசையில் மலைக்கு வரும் வெளிநாட்டாரும் உண்டு. மறுபடி குஞ்சு விடலாம், வேலைவாய்ப்பு வரும் என்று யாராவது யோசனை சொன்னால் நாம் உடனே தலையாட்டக் கூடாது. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன நன்னீர் இறால் உண்டு. அதற்கு ட்ரவுட் எமன். புதிய ஓடையில் மீன் விடுவதை நான் எதிர்க்கிறேன். ஏற்கெனவே மீன் இருக்கும் ஓடைக்கு விருந்தினரை அழைத்துப்போவதென்றால், வழிகாட்டி வேலை அந்த ஓடையை அறிந்த நம் பிள்ளைகளுக்கு வரட்டும். வருமானத்தில் ஒரு பங்கு குடிநீருக்குப் போகட்டும்.

சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் தண்ணீர் கடைசி வரியாகிப் பிறகு காணாமல் போகிறது. இந்த முறை அதைத் தனிக் கோரிக்கையாக வைக்க வேண்டும். ஓடையின் இரு கரையிலும் மருந்தடிக்காத, மரம் நட்ட ஓரம் விட வேண்டும். டேங்கி கழுவ ஓடைக்குத் தூரமாக ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு பீலியின் தண்ணீரும் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது பரிசோதிக்கப்பட்டு, முடிவு தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தலைவர்மாரும் தலைவிமாரும் தங்கள் பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாங்க. மழைக்கு மறுநாள் பிடித்ததாக இருந்தால் நல்லது. போத்தலில் டிவிஷன் பெயரையும் லய நம்பரையும் எழுதி ஒட்டுங்க. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவோம்.