பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி



நடந்து வா, சைக்கிளில் வா, உடம்புக்கு நல்லது என்று நகரத்துப் பள்ளிகளில் பதாகை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். வாசலில் கார் நிற்கிற வீட்டுப் பிள்ளையை நடக்க வைக்கப் பிரச்சாரம் தேவைதான். கொல்லிமலைப் பிள்ளைகளிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் எந்நாளும் நடக்கிறவர்கள். எந்த வழியில் நடக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த எண்ணைச் சொல்லித்தான் சுற்றுலா விளம்பரமே நடக்கிறது. விடுமுறை என்றால் பைக்குகள் சீறி ஏறுகின்றன. ஆகாய கங்கைக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வேன்கள் பறக்கின்றன. மேலே வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகளாகச் சிதறிக் கிடக்கிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தார்ச்சாலையின் ஓரந்தான் நடைபாதை. சாலை தொடாத குக்கிராமம் என்றால் மரவள்ளிக் காட்டுக்கும் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கும் நடுவே ஒற்றையடித் தடம். மழை பெய்தால் வழுக்கும். ஓடை பெருகினால் அன்னைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வருகைப் பதிவேட்டில் ஓடை ஏறுவதில்லை, பிள்ளையின் பெயர்தான் ஏறும். பிறகு, 'மலைசாதிக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று அறிக்கை எழுதவும் ஆள் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010இல் தந்த மாதிரி விதிகளின்படி, 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், 8ஆம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். கரடுமுரடான நிலம், நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை என்றால் அந்தத் தூரத்தையும் குறைத்து, பிள்ளைக்கு ஆபத்தில்லாத இடத்தில் பள்ளியை அமைக்க வேண்டும். அதாவது மலைக்கென்றே எழுதப்பட்ட வரி. அலுவலக வரைபடத்தில் 3 கிலோமீட்டர் என்பது ஒரு விரற்கடை. ஏறி இறங்குகிற பத்து வயதுக் காலுக்கு அது வேறு கணக்கு.

அரசுதான் சைக்கிள் கொடுக்கிறதே என்பார்கள். 2001-02இல் தலித், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பின்னால் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் அதில் உண்டு. பொம்பள சைக்கிள் ஏறினால் ஊர் என்னமாய்க் குதித்தது! ஆனால் சைக்கிள் கிடைப்பது 11ஆம் வகுப்பில். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதுவரை நடக்கட்டுமா? மலையில் கிடைத்த சைக்கிளும் ஏற்றத்தில் பிள்ளை தள்ள வேண்டிய சுமை.

மலையை விட்டு இறங்கினால் தடம் சமதளம், தெருதான் சும்மா விடாது. 'எறங்கித் தள்ளிட்டுப் போடா' என்று சேரிப் பையனை மிரட்டிய ஊர்த்தெருக்கள் எத்தனை! 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாள வண்ணம் பூசிய சைக்கிளில் மாணவர்கள் பள்ளிக்கு வரக்கூடாது என்று 2024இல் எழுத வேண்டியிருந்தது. சைக்கிளுக்கும் சாதி பூசுகிற நாடு இது. 1893இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் தடுக்கப்பட்ட சாலையில் வில்லுவண்டி ஓட்டினார். பள்ளிக்கூடக் கதவைத் தட்டியதும் அதே அய்யன்காளிதான். இரண்டும் ஒரே சண்டை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 'சாலைப் பாதுகாப்பு வாரம்' நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

உடனே செய்யக்கூடியது உண்டு. பிள்ளைகளைத் தனித்தனியாக விடாமல் ஊர்வாரியாகச் சேர்த்து அனுப்புங்கள். முன்னால் ஒரு பெரிய மாணவர், பின்னால் ஒருவர். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்கட்டும். வளைவில் சாலையைக் கடக்க வேண்டாம். சைக்கிள் என்றால் இறக்கத்துக்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். இது நம் வேலை. ஓடைக்குப் பாலமும், பள்ளி நேரத்தில் வண்டி வேகத்துக்குக் கடிவாளமும் அரசின் வேலை. தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தும் வழித்துணையும் தர ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் இடமிருக்கிறது. கேட்காமல் தர மாட்டார்கள்.

மலையில் வேலை செய்யும் தோழர்களும் விடுதி மாணவர்களும் பள்ளி திறக்கும் வாரத்தில் ஒருநாள் கடைசிக் குக்கிராமத்துப் பிள்ளையோடு வீட்டிலிருந்து வகுப்பறை வரை நடங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். எத்தனை நிமிடம், எத்தனை ஓடை, எத்தனை வளைவு என்று எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கள். ஒரு பிரதியை நமக்கும் அனுப்புங்கள், அச்சிடுவோம்.