பங்கருக்கு வர்ணம் பூச முதல்

வாஷிங்டனில் ட்ராமுக்காக 1949இல் திறந்த நிலத்தடி நிலையம் ஒன்று, 1962இல் ட்ராம் நின்றதோட மூடிப் போச்சு. 2016 தொடக்கம் அது 'டுபோன்ட் அண்டர்கிரவுண்ட்' என்ற பேரில் கலைக்கூடம். லண்டனில் யூரோஸ்டார் ரயில் வாட்டர்லூவை விட்டுப் போன பிறகு, நிலையத்துக்குக் கீழே இருக்கிற லீக் தெருச் சுரங்கத்தில் 2008இல் பாங்க்சி ஓவியர்களைக் கூட்டிச் சுவர் முழுக்க வரைய வைத்தார். இந்தப் படங்களை நாங்கள் எல்லாரும் பகிருறம். உடனே ஒரு யோசனையும் வருது: எங்கட பழைய பங்கரையும் சென்றியையும் இப்பிடி மாத்தினால் என்ன?

மாத்தலாம். ஆனா அவசரப்படாதேங்கோ.

அங்கே போக்குவரத்து மாறினதால இடம் சும்மா கிடந்தது. இங்கே தலைமன்னார் ரயில் 1990இல் சண்டையால நின்றது. திரும்ப அங்க ஓட 2015 ஆச்சு. வடக்கில தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழன்று போய்ப் பங்கருக்குக் கூரையாச்சு. ரயில் போன கட்டைக்குக் கீழ சனம் ஒடுங்கிக் கிடந்தது. 2002 சமாதான காலத்தில உயிலங்குளமே இரண்டு தரப்புக்கும் நடுவில ஒரு சோதனைச்சாவடி. பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டிக் கடந்த இடம்.

நிலத்தடியைக் காட்சிக்கு விடுறது இந்த நாட்டுக்குப் புதுசும் இல்லை. போர் முடிஞ்ச பிறகு புதுக்குடியிருப்பில பிரபாகரனின் பங்கரைப் பார்க்கத் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2013 ஒக்ரோபரில ராணுவம் அதை வெடி வைச்சுத் தகர்த்தது. காட்டினதும் அவங்கள், உடைச்சதும் அவங்கள்.

என்ர பயம் இதுதான். நாளைக்கு ஆரோ காசோட வந்து, பங்கர்ச் சுவரில பூநாரையும் மன்னார்க் கழுதையும் வரைஞ்சு, 'நல்லிணக்கம்' என்று பலகை நட்டிட்டுப் போனால், உள்ளுக்குள்ள பிள்ளையை அணைச்சுக்கொண்டு கிடந்த அம்மம்மா அந்தப் படத்தில எங்க?

"அப்ப பாழடைய விடுறதோ?" என்று கேட்பீர்கள். இல்லை. முதல்ல அதுக்குள்ள கிடந்த ஆட்களிட்டப் போய்க் கேளுங்கோ. அவர்கள் சொல்லுறதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கோ. கலையை வெளியிலிருந்து இறக்கவும் தேவையில்லை. கோயில் முற்றத்தில விடிய விடியக் கூத்தும் வாசாப்பும் ஆடின மண் இது. அண்ணாவிமாரிட்ட மேடை எங்க வேணும் என்று கேளுங்கோ.

அதுக்குப் பிறகும் அம்மம்மா "அந்தக் கிடங்கை மூடுங்கோ" என்று சொன்னால், தூரிகையை வைச்சிட்டு மண்வெட்டியோட போய் நிக்கிறதும் எங்கட வேலைதான்.