பக்கத்து வீட்டு பைட்

பென்டிரைவை கம்ப்யூட்டரில் செருகியதும் ஒரு டிரைவர் வேலையை ஆரம்பிப்பார். நான் சொல்வது காக்கிச் சட்டை போடாத டிரைவர், ஸாஃப்ட்வேர். (யு.எஸ்.பி.யில் உள்ள 'பி'யும் 'பஸ்'தான் என்பதால் குழப்பம் நியாயமே.) வருகிற டேட்டாவை இறக்கி வைக்க மெமரியில் இடம் பிடித்துத் தருவது அவர் பொறுப்பு. அந்த இடத்துக்குப் பெயர் பஃபர். அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதில்தான் வம்பு.

பிராஸஸர் மெமரியை ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. பெரும்பாலும் 64 பைட்டாக அள்ளித் தன் கேஷில் வைத்துக்கொள்ளும். (காசு இல்லை சார், இது வேறு கேஷ்.) யு.எஸ்.பி. கன்ட்ரோலரோ பிராஸஸரைக் கேட்காமல் நேராக மெமரியில் எழுதும். டி.எம்.ஏ. என்பார்கள்.

ஆபீஸ் லெட்ஜரை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெட்கிளார்க் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போய் அதில் ஒரு வரியைத் திருத்துகிறார். அதே நேரம் ஸ்டோர்காரர் ஒரிஜினலில் வேறு வரியில் சரக்கு வரவு எழுதுகிறார். சாயங்காலம் ஹெட்கிளார்க் ஜெராக்ஸை ஒரிஜினல் மேலேயே ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். சரக்கு வரவு அம்பேல்! இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஒரே பக்கத்தை இருவருக்கும் கொடுத்தவர் மேல்தான் தப்பு.

அந்தப் பக்கம்தான் கேஷ் லைன். 8 பைட் பஃபரை ஒட்டியே வேறொரு கவுன்ட்டரை வைத்தால் இதேதான் நடக்கும். நம்ம மேஜை பி.சி.யில் ஹார்டுவேரே பஞ்சாயத்து பண்ணிவிடும். அந்த வசதியில்லாத சின்னச் சிப்களில் எப்போதாவது ஒரு பைட் மாறும். அது சம்பள ஃபைலில் ஒரு சைபராக இருக்கலாம். தினமும் வருகிற தப்பைப் பிடித்துவிடலாம். 'எப்போதாவது' வருவதுதான் கொடுமை.

மருந்து சுலபம். பஃபர் கேஷ் லைனின் ஆரம்பத்தில் ஆரம்பிக்கட்டும், மிச்சம் காலியாகக் கிடக்கட்டும். அலைன்மென்ட் என்பது இதுதான். 8 பைட்டுக்கு 64 பைட்டா என்று சிக்கனம் பார்க்காதீர்கள். லினக்ஸில் 'கேமாலாக்' என்று கெர்னலிடம் முறையாகக் கேட்டுத் தனியே வாங்குங்கள். ஃபங்ஷனுக்குள் அவசரத்துக்கு இடம் கொடுக்கும் ஸ்டாக்கில் மட்டும் வேண்டாம்.

இந்த ஸ்டாக் விதி வெகுநாளாக இருந்தும் பலர் மதிக்கவில்லை, ஓடியது. 2016 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.9-ல், பாதுகாப்புக்காக 64 பிட் பி.சி.க்களில் ஸ்டாக்கையே டி.எம்.ஏ.வுக்கு ஒத்துவராத மெமரிக்கு மாற்றினார்கள். பல யு.எஸ்.பி. டி.வி. ட்யூனர் டிரைவர்கள் படுத்துவிட்டன.

"இத்தனை நாள் ஓடிச்சே சார்!" என்பதை நான் சாட்சியாக ஏற்பதில்லை. ஹெல்மெட் போடாதவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.