பாரமவுண்ட் ஏர்வேஸ்: ஐந்து விமானங்களின் கதை

மதுரை ஜவுளிக் குழுமம் ஒன்று சொந்தமாக விமான நிறுவனம் நடத்தியது என்று சொன்னால் என் வகுப்பில் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கிங்ஃபிஷர் கதை எல்லோருக்கும் தெரிகிறது. நம்மூர் பாரமவுண்ட் கதை யாருக்கும் தெரியவில்லை!

2005 அக்டோபரில் சென்னையை மையமாக வைத்துப் பறக்கத் தொடங்கியது பாரமவுண்ட் ஏர்வேஸ். 2003-இல் வந்த ஏர் டெக்கானைப் பார்த்து எல்லோரும் டிக்கெட் விலையைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். இவர்கள் நேர் எதிராக, எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ் என்றார்கள். மதுரை, கோவை, திருவனந்தபுரம் என்று தென்னக வியாபாரிகள் போகும் ஊர்களைப் பிடித்தார்கள். இந்தியாவுக்கு எம்ப்ரேயர் 170, 175 ரக ஜெட்டுகளை முதலில் கொண்டுவந்ததும் இவர்கள்தான்.

அந்தச் சின்ன ஜெட்டில் ஒரு கணக்கு இருந்தது. 40,000 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள விமானத்துக்கு எரிபொருள் விற்பனை வரி அப்போது 4 சதவீதம்தான். பெரிய விமானங்களுக்கு மாநிலங்கள் வாங்கியது அதைப் போலப் பல மடங்கு. 80 இருக்கைக்குக் குறைந்தால் இறங்கு கட்டணமும் கிடையாது. நல்ல மூளை, இல்லையா?

பிறகு ஏன் 2010-இல் நின்றுபோனது? பறந்த ஐந்து விமானங்களும் குத்தகை. குத்தகை நிறுவனங்களோடு தகராறு வந்து, வழக்கு நீதிமன்றம் போய், விமானங்கள் கைவிட்டுப் போயின.

எங்கள் புதியம்புத்தூர் ரெடிமேட் துணி தைக்கும் ஊர், அதனால் இப்படிச் சொல்கிறேன். தீபாவளி ஆர்டர் கை நிறைய இருக்கிறது. ஆனால் தையல் மெஷின் எல்லாம் வாடகை. மெஷின்காரர் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஆர்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இண்டிகோவும் குத்தகை விமானத்தில்தானே வளர்ந்தது?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இண்டிகோ 2005-லேயே 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவ்வளவு வாங்குபவரிடம் எல்லோரும் இறங்கிவந்து பேசுவார்கள். ஐந்து வைத்திருப்பவரிடம் ஒன்று போனால் கால அட்டவணையில் ஐந்தில் ஒரு பங்கே போய்விடும்.

என்னைப் பொறுத்தவரை இன்னொரு தவறும் உண்டு. 2009 பாரிஸ் விமானக் கண்காட்சியில் பாரமவுண்ட் ஏர்பஸ் ஏ321 ரகத்தில் 10 விமானங்கள் வாங்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஏ321 வந்தால் அந்த 4 சதவீத வரிச் சலுகை அதற்குக் கிடைக்காது. எந்தச் சிறுமை தன்னைக் காப்பாற்றியதோ அதையே உதறப் பார்த்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியாது. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தையே பாருங்கள். 2006-இல் ஏர் டெக்கான் வந்தது. டெக்கானைக் கிங்ஃபிஷர் வாங்கியது. 2012-இல் கிங்ஃபிஷரே நின்றது. சேலத்துக்கு உடான் திட்டத்தில் 2018-இல் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அந்தச் சேவை நின்று, 2023 அக்டோபர் வரை சேலம் காத்திருந்தது. உடானில் அரசு தரும் மானியம் ஒரு தடத்துக்கு மூன்றே ஆண்டுகள்தான் என்பதையும் கவனியுங்கள்.

1350 மீட்டராக இருந்த வாகைக்குளம் ஓடுபாதை இப்போது 3115 மீட்டர். புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. பெரிய விமானம் வரட்டும், சந்தோஷம். ஆனால் கோவைக்கும் சேலத்துக்கும் போக 70 பேர் கிடைத்தாலே நிறைந்துவிடும் சின்ன விமானம்தான் வேண்டும். அதற்கான எரிபொருள் வரிச் சலுகை பாதியில் முடியாமல் நீள வேண்டும். சலுகை கேட்டு வரும் நிறுவனத்திடம் குத்தகைப் பத்திரத்தையும் கையிருப்பையும் அரசு முதலில் பார்க்க வேண்டும்.

முதல் விமானம் வரும் நாளில் தண்ணீர் பீய்ச்சி வரவேற்கிறோம். ஐந்தாவது வருடமும் அது வருகிறதா என்று கேட்க நமக்குப் பழக வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?