காணாமல் போனவர்கள் மேடைக்கு வரட்டும்



சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில் ஆண்டு விழா பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு வாக்குவாதம் எழுந்தது. கூட்டத்துக்கு வராத அன்பர்களும் அறிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர், இந்த ஆண்டு அரை மணி நேர நாடகம் ஒன்று போட அனுமதி கேட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் நடக்கும் நகைச்சுவை நாடகம் அல்ல. காணாமல் போன சிறுமிகளையும் பெண்களையும் பற்றிய நாடகம். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள், காணாமல் போன கறுப்பினப் பெண்களுக்காக மேடையில் குரல் கொடுப்பதைப் படித்துவிட்டு அவர்களுக்கு இந்த எண்ணம் வந்ததாம். நம் உறுப்பினர்கள் மூன்று ஆட்சேபணைகளைச் சொன்னார்கள். மங்களகரமான நாளில் இதெல்லாம் எதற்கு என்பது முதலாவது. அமெரிக்கக் கறுப்பினத்தாருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பது இரண்டாவது. நாடகம் போட்டால் தொலைந்தவர் திரும்பி வந்துவிடுவாரா என்பது மூன்றாவது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

நான் டிப்ளமா படித்துவிட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். நாடகக்கலை எனக்குத் தெரியாது. ஆயினும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்க விவரம். 2022-ஆம் ஆண்டில் அங்கே காணாமல் போனதாகப் பதிவான பெண்களும் சிறுமிகளும் சுமார் 2 லட்சத்து 71 ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் கறுப்பினத்தவர். மக்கள் தொகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத சமூகத்திலிருந்து, காணாமல் போனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! ஆனால் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் நாள்கணக்காகப் பேசப்படுவது பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண் தொலைந்தால்தான். க்வென் ஐஃபில் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் இந்தப் பாரபட்சத்துக்கு 2004-லேயே ஒரு பெயர் வைத்து, அதை ஒரு நோய் என்றே சொன்னார். குறையை ஒப்புக்கொண்டு, 2023-ல் மின்னசோட்டா மாநிலம் இதற்கென்றே தனி அலுவலகம் அமைக்கச் சட்டம் செய்தது. கலிபோர்னியாவில் காணாமல் போகும் கறுப்பின இளைஞர்களுக்காக 'எபனி அலர்ட்' என்ற தனி அறிவிப்பு முறை 2024 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. யாரோ விடாமல் பேசியதால்தான் இவை நடந்தன. அப்படிப் பேசியவர்களில் மாணவர்களும் உண்டு.

அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட நண்பர் மட்டாஞ்சேரியில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர். அவரை மங்காட்டுமுக்கு வரை ஒரு நடை போய்வரச் சொல்கிறேன். அங்கே கப்பிரி முத்தப்பன் இருக்கிறார். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். யார் அந்தக் கப்பிரி? போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்த கறுப்பு மனிதன். 1663-ல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, ஓடிப்போன போர்ச்சுகீசியர் தங்கள் செல்வத்தைச் சுவருக்குள் புதைத்து, காவலுக்கு ஆவியாக இருக்கட்டும் என்று அந்த அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்பது இந்த ஊர்க் கதை. முத்தப்பன் என்று மதித்துக் கும்பிட இன்று ஆள் இருக்கிறது. சரி, முத்தம்மை எங்கே? அடிமைகளில் பெண்களும் இருந்திருப்பார்களே, அவர்களுக்கு ஒரு திரி ஏற்ற ஒரு மேடைகூட இல்லையே!

அதே கொச்சியிலிருந்து டச்சுக் கப்பல்களில் நம் பக்கத்து ஆண்களும் பெண்களும் அடிமைகளாக வெளியே போனார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிப் பதிவேடுகளில் அவர்களில் பலருக்குச் சொந்தப் பெயர் கிடையாது. எஜமானன் சூட்டிய பெயரும், அதன் பின்னால் 'மலபார்', 'வங்காளம்' என்று வந்த திசையும் மட்டும்தான். கொச்சியின் டச்சு ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆகவே கறுப்பினப் பெண்ணின் கதை நமக்கு அந்நியமானது என்று சொல்ல மட்டாஞ்சேரிக்காரனுக்கு வாய் வராது.

பிள்ளைகள் நாடகத்தின் நடுப்பகுதிக்கு எடுத்துக்கொண்டிருப்பது பி.கே. ரோசியின் கதை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னின் கதாநாயகி அவர். படத்தை எடுத்த ஜே.சி. டானியல் கன்னியாகுமரி பக்கம் அகஸ்தீசுவரத்துக்காரர், தமிழர். ரோசி தலித் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பாடி ஆடும் காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டபோது, ஒரு தலித் பெண் மேல்சாதிப் பெண்ணாக நடிப்பதா என்று கூட்டம் கொதித்தது. திரையின் மேல் கல் விழுந்தது. தான் நடித்த படத்தைப் பார்க்க அவரை உள்ளே விடவில்லை. பிறகு அவர் வீட்டுக்கும் தீ வைத்தார்கள். உயிர் தப்ப ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் போய்ச் சேர்ந்தவர், ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். 'விகதகுமாரன்' என்றால் தொலைந்துபோன பிள்ளை என்று பொருள். படத்தில் தொலைந்த பிள்ளையை விடுங்கள். நிஜத்தில் தொலைந்தது கதாநாயகி! படத்தின் பிரதியும் மிஞ்சவில்லை.

அவரைத் திரும்பக் கூப்பிட எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள். டானியலின் கதையைச் சொல்லும் 'செல்லுலாயிட்' படம் வந்தது 2013-ல். கேரளத்துத் திரைத்துறைப் பெண்கள் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியது 2019-ல். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டு நினைவுகூர்ந்தது. ஒரு பார்வையாளர் கூட்டம் துரத்திய பெண்ணை இன்னொரு கூட்டம் வரவேற்க ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள். நம் சங்கத்துப் பார்வையாளர்கள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் இப்போது கேள்வி.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2019 முதல் 2021 வரை மூன்றே ஆண்டுகளில் நம் நாட்டில் காணாமல் போனதாகப் பதிவான பெண்களும் சிறுமிகளும் 13 லட்சத்து 13 ஆயிரம் பேர் என்று 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. அவர்களில் இரண்டரை லட்சம் பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். இவர்களில் பலர் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. வயது வந்த பெண் தன் விருப்பத்துக்கு ஒருவரை மணந்துகொண்டு போனாலும் வீட்டார் 'காணவில்லை' என்று எழுதிக் கொடுப்பதுண்டு. வீட்டுக் கொடுமை தாங்காமல் ஓடியவர்களும் உண்டு. ஆகவே எல்லோரையும் பிடித்து இழுத்து வந்து வீட்டில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று பிள்ளைகள் நாடகம் எழுதவில்லை. 'அவள் ஏன் போனாள், போனபோது யார் கேட்டார்கள்?' என்பதே அவர்கள் கேள்வி. நாற்பது வயதுக்காரர்கள்கூட யோசிக்காத நியாயம் இது.

இனி மூன்றாவது ஆட்சேபணை. நாடகத்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் தருமபுரி, சேலம் பகுதிகளில் பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் வழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரியும். அதுவும் பெண் பிள்ளை காணாமல் போவதுதான், பெயர் வைக்கும் முன்பே. அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. பின்னர் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தருமபுரி மாவட்டத்தில் 'கலைப்பயணம்' என்று ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டார்கள். நடித்தவர்கள் பெரிய நடிகர்கள் அல்லர், அந்தப் பக்கத்து இளைஞர்களும் இளம் பெண்களும்தான். வாய்திறந்து பேசவே கூசிய விஷயத்தை மந்தையில் நின்று பேசினார்கள். அதன் பிறகு அங்கே சிசுக்கொலை குறைந்ததை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நாடகம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடி மேல் அடி அடித்தால்தானே அம்மி நகரும்? அதில் ஓர் அடி நாடகம் அடித்தது.

மங்கள நாள் என்பதற்கும் ஒரு வார்த்தை. பெண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, பூ வைத்து, வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணத்தோடு நிறுத்துகிறோம். அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அதே மேடையில் பேசுவது மட்டும் அமங்கலமா?

இப்போது என் பாக்கி.

எண்பதுகளின் பிற்பகுதி. பாலக்காட்டைத் தாண்டி ஒரு ஸ்டேஷன், பெயர் வேண்டாம். நான் அங்கே பி.டபிள்யூ.ஐ. இரவு வேலைக்கு பிளாக் கிடைக்கக் காத்திருந்தேன். பிளாட்பாரத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி மஞ்சள் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட வந்த ஆள் டீ வாங்கப் போயிருந்தான். நான் கேங்மேனிடம் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, கொச்சியில தமிழ் பேசுவாங்களா?" என்றாள். "பேசுவாங்கம்மா" என்றேன். அதற்குள் அந்த ஆள் வந்து, "அண்ணன் மக சார், வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, என்னையே பார்த்தாள். வண்டி வந்தது, ஏறினார்கள். நானும் என் வேலைக்குப் போனேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே ஸ்டேஷன் தூணில் தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'காணவில்லை.' மசி அப்பிய படம். அவள்தானா, வேறு பெண்ணா, இன்றுவரை நிச்சயமில்லை. யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது, சொல்லவில்லை. தண்டவாளத்தில் ஒரு பாண்ட்ரோல் கிளிப் காணாமல் போனால் கீமேன் அன்றே வந்து சொல்வான், நான் எழுதிவைப்பேன். அந்த செக்‌ஷனில் எந்தக் கிலோமீட்டரில் எத்தனை டிகிரி வளைவு என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். அந்த நோட்டீஸில் ஒரு பெயர் இருந்தது. அது மட்டும் நினைவில் இல்லை.

ஒத்திகை பார்க்கக் கூப்பிட்டிருந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "அவ பேரு என்ன மாமா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நாடகத்தின் கடைசிக் காட்சியில் மஞ்சள் பையோடு ஒரு பெண் வந்து நிற்பாள், மற்ற ஏழு பேரும் அவள் பெயரைக் கேட்பார்கள். இதுதான் அவர்கள் செய்யப்போவது. இதைத் தடுக்கவா கூட்டம் போடுகிறோம்?

இன்று காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. காணாமல் போன குழந்தை பற்றிய புகார் வந்தால் கட்டாயம் வழக்குப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருபத்து நான்கு மணி நேரம் பொறுத்துத்தான் புகார் கொடுக்கலாம் என்பது வெறும் பேச்சு, உடனே கொடுக்கலாம். நான் வேலை பார்த்த ரயில்வேயிலேயே பாதுகாப்புப் படையினர், 2018 தொடங்கி 2024 மே மாதம் வரை ஸ்டேஷன்களிலும் வண்டிகளிலும் தனியே தவித்த 84 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை மீட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, ரயிலில் 139. இந்த மூன்று எண்களையும் விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது என் யோசனை. செலவு ஒன்றும் ஆகாது.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். தெரியாத ஊரில் நம் மொழி கேட்டால் எவ்வளவு தைரியம் வரும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணும் அதைத்தான் என்னிடம் கேட்டாள். தமிழ் பேசினேன், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் பணிவான வேண்டுகோள்: பிள்ளைகளுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி நாற்காலி காலியான நேரத்தில் வேண்டாம், எல்லோரும் இருக்கும்போது கொடுங்கள்.