நாங்கள் வாழ்வது கப்பலில் அல்ல

"சிசிலி, கடல் நடுவே நிற்கும் விமானந்தாங்கிக் கப்பல்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் தலையாட்டாதீர்கள். அப்படிச் சொல்பவர்களுக்குக் கப்பலின் மேல்தளம் மட்டும்தான் தெரிகிறது.

அந்தக் கப்பல்களில் வாழ்ந்தவர்களைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில், சரக்குக் கப்பலின் உடலுக்கு மேலே ஓடுதளம் பொருத்திச் சிறிய விமானந்தாங்கிகளைக் கட்டினார்கள். வேகம் மணிக்கு ஏறக்குறைய 18 கடல்மைல். விமானப் பெற்றோலும் குண்டுகளும் இருந்த அதே உடலுக்குள்தான் மாலுமிகள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

1943 செப்டெம்பரில் சலேர்னோவில் படைகள் இறங்கியபோது, சிசிலியிலிருந்து பறந்த போர்விமானங்களால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. அதனால் அட்டாக்கர், பட்லர், ஹன்டர், ஸ்டோக்கர் என்ற நான்கு சிறு கப்பல்களும் அனுப்பப்பட்டன. காற்று இல்லை, கப்பல்களுக்கு வேகமும் இல்லை. எதிரி வீழ்த்திய சீஃபயர் விமானங்களைவிட, இறங்கும்போது தளத்தில் உடைந்தவையே மிக அதிகம்.

அதே ஆண்டு மார்ச் 27இல் ஸ்கொட்லாந்துக் கரையோரம் டாஷர் வெடித்தது. எதிரி யாரும் தாக்கவில்லை. 379 பேர் இறந்தார்கள். இவ்வகைக் கப்பல்களுக்கு அமெரிக்கக் கடற்படை வைத்த குறியீடு சி.வி.ஈ. அந்த எழுத்துகளுக்கு மாலுமிகள் கசப்போடு வேறு விளக்கம் சொன்னார்கள்: எரியக்கூடியது, இலகுவில் அடிபடக்கூடியது, இழந்தாலும் பரவாயில்லாதது.

இந்தப் பெயரையா எங்கள் தீவுக்குச் சூட்டுகிறீர்கள்?

எங்கள் பெற்றோரின் நாட்டிலும் இதே கதைதான். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. எச்சரிக்கை கிடைத்து, ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கி முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் அதையும் மூழ்கடித்தார்கள். ஆனாலும் கப்பலால் வெளிக்கிடவாவது முடிந்தது. ஊர் எங்கே போகும்? 1943 மே 9இல் குண்டு விழுந்தபோது பலெர்மோ எங்கே போனது?

"தளங்கள் இருந்தால் வேலை வருமே" என்பார்கள். வரும்தான். ஆனால் மாலுமிக்குத் தான் போர்க்கப்பலில் நிற்பது தெரியும். சீசாவில் பந்தடிக்கும் பிள்ளையை எந்தக் கப்பலில், யாரைக் கேட்டு ஏற்றினீர்கள்?

சீசாவில் நாங்கள் படமும் கண்காட்சியும் பார்க்கப் போகும் கட்டடங்கள் முன்பு டுக்ரோ தளபாடத் தொழிற்சாலை. முதலாம் உலக யுத்தத்தில் அங்கே கடல்விமானங்கள் செய்தார்கள். இன்று அது மக்களுக்கான இடம். ஓரிடம் எதற்கு என்பதை அங்கே வாழும் மனிதர்களால் மாற்ற முடியும்.

வகுப்பில் இந்த உவமை வந்தால் கையை உயர்த்துங்கள். இந்தத் தீவில் ஏறக்குறைய 48 இலட்சம் பேர் இருக்கிறோம். அவர்களில் யாரை இழந்தால் பரவாயில்லை என்று கேளுங்கள்.